நான் பொய்யென்று சொன்ன நாடா

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டின் பின்வளவில் இருபதடி நீளமான ஒலிக்கூடம் ஒன்றைக் கட்டினேன். செங்கல்லை நானே அடுக்கினேன். கவுன்சில் இரண்டு முறை கடிதம் போட்டு நிறுத்தச் சொன்னது. இரண்டு முறையும் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போய் அவர்கள் மேசையில் விரித்து அனுமதி வாங்கினேன். மற்றவர்கள் குப்பைக்கு அனுப்பிய ஒன்பது சுருள்நாடா ஒலிப்பதிவு இயந்திரங்களுக்கு உயிர் கொடுத்தேன். அவற்றில் இரண்டுக்கு இந்த நாட்டில் உதிரிப்பாகமே இல்லை. கடைசல் பட்டறைக்காரன் ஒருவனைப் பிடித்து, அளவு சொல்லி, பக்கத்தில் நின்று செய்வித்தேன். நம்மவர்களின் கலியாணம், அரங்கேற்றம், செத்தவீட்டுப் பேச்சு என்று வீடு வீடாகக் கிடந்த நாடாக்களைக் காப்பாற்றிக் கொடுத்தேன். வெள்ளைக்காரர்களின் பெரிய இசை நிறுவனங்களும் கடைசியில் என் கதவைத்தான் தட்டின. இத்தனைக்கும் நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால் இன்றைக்கும் மகளைத்தான் கூப்பிடுவேன்.

இதை அளப்பு என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். இயந்திரங்கள் இன்னும் அங்கேதான் நிற்கின்றன, வந்து பார்க்கலாம்.

ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடுகிறார்கள் இல்லை. இந்த வேலை பழகும் நம் இளையவர்கள் சிலர் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அண்ணை, அந்த ட்ரம் அடிக்கிறவரின்ரை டேப் உண்மையெண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?" வெளியில் உலாவும் கதை வேறு. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் தொழில் வந்த வழி. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையொன்றில் ஏழு வருடம் நின்றேன். பிறகு நாடு கெட்டது. ஜெர்மனியில் அகதி முகாம், அதற்குப் பிறகு தொத்திறைச்சித் தொழிற்சாலை, அதற்குப் பிறகு லண்டன். ஆக்டனில் ஒலிநாடாக்களைப் படியெடுத்துத் திருத்தும் நிறுவனம் ஒன்றில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. ஒருநாள் பெரிய இயந்திரம் ஒன்று நாடாவை இழுத்து இழுத்து ஓடியது. மூன்று பேர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வயர் வயராகத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் துடைப்பத்தோடு நின்றபடியே, ரப்பர் உருளை வழுக்குகிறது என்று சொன்னேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒருவரைத் தவிர. அவர் போய் உருளையைத் தொட்டார். உருளைதான்.

அவர் பெயர் மிஸ்டர் ஹாலிஸ். அங்கே தலைமைப் பொறியாளர். நெடிய, ஒல்லியான மனிதர். சாம்பல் நிற மேலங்கியின் பையில் ஒரு பென்சில், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சிறிய டப்பாவில் பஞ்சு சுற்றிய குச்சிகள். காலையில் வந்ததும் எவருக்கும் வணக்கம் சொல்லமாட்டார். நேராக ஒவ்வொருவருடைய இயந்திரத்துக்கும் போய், நாடா உரசிச் செல்லும் தலைப்பகுதியைப் பஞ்சுக்குச்சியால் ஒருமுறை துடைப்பார். குச்சி வெள்ளையாகவே இருந்தால், "குட் மார்னிங்." பழுப்பாகியிருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் குச்சியை நம் மேசையில், நம் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அன்று முழுக்க அது அங்கேயே கிடக்கவேண்டும். எடுத்து எறிந்தவனை இரண்டு கிழமை பேக்கிங் பகுதிக்கு அனுப்பினார்.

என்னை இயந்திரத்தில் உட்கார்த்திய முதல் மாதம் ஒரு சுருளைக் கொண்டுவந்து தந்தார். பெட்டியில் பெரிய பாடகர் ஒருவரின் பெயர். "அறிக்கை எழுது" என்றார். நான் போட்டுக் கேட்டேன். ஒரே இரைச்சல். தொடக்கத்தில் வெற்று நாடா விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முதலில் பாடகரின் பெயரை எழுதினேன். பிறகு ஓட்டிப் பார்த்தால் கடைசிவரைக்கும் வெற்று நாடா. ஹாலிஸ் தாளை எடுத்தார், பெயரைப் பென்சிலால் சுட்டினார்.

"இவர் இதில் இருக்கிறார் என்று உனக்கு யார் சொன்னது?"

"பெட்டி, சேர்."

"பெட்டியை உனக்கு முன்பே தெரியுமா? உறவா?"

சிரிக்காமல் கேட்டார். அன்றிலிருந்து ஆறு கிழமை நான் ஒரு சுருளின் பெட்டியைப் பார்க்க அவர் விடவில்லை. நாடாவை மட்டும் கையில் தருவார். முதலில் யன்னல் வெளிச்சத்தில் பிடித்து விளிம்பைப் பார்க்க வேண்டும். பிறகு மணக்க வேண்டும். எந்த முனை வெளியே சுற்றப்பட்டிருக்கிறது, ஒட்டு எத்தனை, ஒட்டியவன் கத்தியால் வெட்டினானா கத்தரிக்கோலால் வெட்டினானா, எல்லாவற்றையும் பென்சிலால் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓட்டலாம். ஓட்டினாலும் பாட்டைக் கேட்கக்கூடாது. பாட்டுக்கு முன்னால் இருக்கும் அரை நிமிடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். மூச்சு, கதிரை இழுபடும் சத்தம், அறையின் மின்சார இரைச்சல்.

"பாட்டு தொடங்கினால் நீயும் ஆடத் தொடங்கிவிடுவாய், நாதன்" என்பார். "அதற்கு முதல் கேள்."

எல்லாவற்றையும் சந்தேகப்படு என்று வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அதைத்தான் படிப்பித்தார். எனக்கு அது சுலபமாக ஏறியது. செக்பொயின்ற் செக்பொயின்றாக வந்தவனுக்குச் சந்தேகம் புதுப்பாடம் இல்லை. அவர் ஓய்வு பெற்றதும் அந்த நிறுவனம் படுத்துவிட்டது. இயந்திரங்களை வெளியே தள்ளினார்கள், நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒலிக்கூடம் அப்படித்தான் தொடங்கியது.

இனி அந்த வழக்கு.

நான் தொழிலை மூடுவதற்கு முந்திய வருடம், வால்தம்ஸ்டோவிலிருந்து டோரீன் என்ற பெண்மணி வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். தலையணை உறைக்குள் ஒரு சுருள்நாடாவைச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ரெயிலில் வந்திருந்தார். அவருடைய அண்ணன் ரே, எழுபதுகளின் தொடக்கத்தில் லண்டன் குழுவொன்றில் ட்ரம் அடித்தவர். அந்தக் குழுவின் பெயரை எழுதமாட்டேன், வக்கீல்களோடு எனக்கு வேலை இல்லை. இரசிகர்களுக்கு எப்படியும் தெரியும். ஐந்து ஆண்கள். உதட்டுச்சாயம், கண்மை, மினுங்கும் பெண்கள் சட்டை, அரை அடி உயரச் சப்பாத்து. பார்த்தவர்கள் சிரித்தார்களாம். ஆனால் சில வருடம் கழித்துத் தலைமயிரைக் கூராக்கிக்கொண்டு வந்த பங்க் இசைக் கூட்டம் முழுக்க, நாங்கள் அவர்களைப் பார்த்துத்தான் தொடங்கினோம் என்று சொன்னது. அதனால் இப்போது அவர்கள் பெரிய ஆட்கள்.

ரே அதையெல்லாம் பார்க்கவில்லை. குழுவின் முதல் இசைத்தட்டு வரமுன்பே, ஒரு இளவேனிலில், வான் வண்டி விபத்தில் இறந்துபோனார். அப்போது இருபது வயது. அந்தக் கோடையில் வேறொரு ட்ரம்காரர் சேர்ந்தார். எல்லாத் தட்டிலும் அவர்தான். இப்போது ஒரு நிறுவனம் குழுவின் ஆரம்பகால மாதிரிப் பதிவுகளைத் தேடி இசைத்தட்டாகப் போடுகிறது என்று கேள்விப்பட்டு, டோரீன் அலுமாரிக்கு மேலிருந்த நாடாவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நாலு பாட்டு. அவற்றில் ட்ரம் அடிப்பது ரே என்று சொல்லியிருக்கிறார். இரண்டாவது ட்ரம்காரரோ, மாதிரிப் பதிவு எல்லாவற்றிலும் அடித்தது தானேதான், இப்படியொரு நாடா கிடையவே கிடையாது என்றாராம். நிறுவனம் ஒலியியல் படித்த ஒரு டொக்டரை ஆய்வுக்கு வைத்தது. நாடாவை ஓட்டிக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கும் வேலைக்கு என்னிடம் அனுப்பியது.

"இது போலி என்று ஆகிவிட்டால் ரே அடித்தது என்று உலகத்தில் ஒன்றுமே மிஞ்சாது, மிஸ்டர் நாதன்" என்றார் டோரீன். "ஒரு படத்தில்கூட அவன் முகம் சரியாக விழவில்லை. எல்லாவற்றிலும் மற்றவர்களின் தலைமயிருக்குப் பின்னால் இருக்கிறான்."

நான் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு முதல் சந்தேகம் அந்தத் தலையணை உறையில் வந்தது. இத்தனை வருடம் அலுமாரிமேல் கிடந்ததற்குப் பெட்டி எங்கே? "பெட்டியில் அம்மா தையல் ஊசி வைத்திருந்தாள்" என்றார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. பழம்பொருள் என்று சொல்லிப் புதுப்பொருள் விற்கிறவர்கள் இப்படித்தான் கண்கலங்கப் பேசுவார்கள். ஈஸ்ட் ஹாமில் ஒருவர், தன் தகப்பனார் பேசியதென்று கொண்டுவந்த நாடாவை ஓட்டிப் பார்த்தபோது, பேச்சுக்குப் பின்னால் கைத்தொலைபேசி மணி அடித்தது. அதையெல்லாம் பார்த்தவன் நான்.

யன்னலில் பிடித்தேன். மணந்தேன். பிசுபிசுக்கும் வகை நாடா என்றால் மெல்லிய சூட்டில் உலர்த்தவேண்டும். அதற்கென்று பழம் உலர்த்தும் பெட்டியொன்று வாங்கி வைத்திருந்தேன், என் மனைவி பரமேஸ்வரி அதில் மோர்மிளகாய் காயவைப்பாள். இது பிசுபிசுக்காத பழைய வகை. காலத்துக்குப் பொருந்தியது. ஒட்டுகள் கத்தியால் சாய்வாக வெட்டப்பட்டிருந்தன. அதுவும் பொருந்தியது. ஆனால் பழைய வெற்று நாடாவை வாங்கி நேற்றுப் பதிந்திருக்கலாமே? ஓட்டினேன். பாட்டுக்கு முன்னால் அரை நிமிடம். ஒருவன் இருமினான். கீழே ஒரு மின்சார இரைச்சல், கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. எழுதிக்கொண்டேன்.

பிறகு பாட்டு. பாட்டா அது? தகரக் கொட்டகைக்குள் கடாக்கள் முட்டிக்கொண்டதுபோல் இருந்தது. ஆனால் ட்ரம் அடித்தவனைக் குறை சொல்லமாட்டேன். ஒவ்வொரு அடியையும் மயிரிழை பிந்தி விட்டான். கேட்பவன் அந்த அடிக்காகக் காத்திருக்கிறான், அவனுக்கும் அது தெரிகிறது. நல்ல தவில்காரர்களிடம் மட்டும் இதைக் கேட்டிருக்கிறேன்.

அப்போதுதான் பழுதைப் பிடித்தேன். எல்லாரும் சேர்ந்து ஓங்கி அடிக்கும் இடத்திலெல்லாம் சுருதி மெல்ல ஏறியது. சத்தம் அடங்கியதும் இறங்கியது. ஒழுங்கான ஒலிக்கூடத்தில் பதிந்த நாடா அப்படிச் செய்யாது. ஏதோ பழுதான கசெற்றிலிருந்து படியெடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். நாலு பாட்டிலும் அதே கதை.

டோரீன் நாடாவை எடுக்க வந்தபோது சொன்னேன். "அம்மா, இது அசல் இல்லை. பொய் நாடா."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் பொய் சொல்கிறேன் என்கிறீர்கள்."

"உங்களைச் சொல்லவில்லை. நாடாவைச் சொன்னேன்."

"அது கிடந்த வீட்டில் அம்மாவும் நானும்தான் இருந்தோம். அம்மா செத்துவிட்டாள். நாடாவைச் சொன்னால் வேறு யாரைச் சொல்கிறீர்கள்?"

நாடாவைத் தலையணை உறையில் சுற்றிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று முகத்தைத் துடைத்ததை யன்னலால் பார்த்தேன். அதையும் நடிப்பு என்றே நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன்.

நிறுவனம் கேட்டபடி இரைச்சலை எல்லாம் நீக்கிச் சுத்தப்படுத்திய ஒலிக்கோப்பை டொக்டருக்கு அனுப்பினேன். நீக்காத மூலக் கோப்பை வழக்கம்போல் என்னிடம் வைத்துக்கொண்டேன். டொக்டரின் அறிக்கையும் வந்தது. சுருதி தடுமாறுகிறது, பல தடவை படியெடுக்கப்பட்டது, நம்ப முடியாது. எனக்கு இரண்டு மூன்று நாள் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. எட்டாம் வகுப்பும் டொக்டர் பட்டமும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறதே!

ஆனால் ஒன்று அரித்தது. பழுதான இயந்திரம் பாரம் கூடும்போது களைத்துப்போகும், சுருதி இறங்கும். இது ஏன் ஏறுகிறது? பொய் செய்கிறவன் ஏன் இப்படிப் பொய் செய்கிறான்? அடுத்த கிழமை மூலத்தைத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. பரமேஸ் மோர்மிளகாயை எடுக்க வந்தாள். கொஞ்சம் நின்று கேட்டாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னப்பா இது, எங்கட கலியாண ஐயர் இங்கிலீசிலை பாடுறாரே?"

"எந்த ஐயர்?"

"தண்ணி மோட்டர் போட்டவுடனை கீச்சுக் குரலிலை மந்திரம் சொன்ன ஐயர். மறந்துபோச்சே? அது உங்கட கைவேலையெல்லோ!"

"உனக்கு எல்லாம் பகிடிதான். போய் வேலையைப் பார்."

"நான் போறன். ஐயரைக் கேட்டதாய்ச் சொல்லுங்கோ."

அவள் போய்விட்டாள். நான் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தேன்.

இதை இதுவரை வெளியில் சொன்னதில்லை. என் சொந்தக் கலியாணத்தை நானே பதிந்தேன். ஊரில் பதிவுக்கு என்னைவிட ஆள் இல்லை என்ற எண்ணம். மாப்பிள்ளைக் கோலத்தோடு போய்க் கடையின் சுருள்நாடா இயந்திரத்தைப் பந்தலில் பூட்டினேன். அந்த நாட்களில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாது. லவுட்ஸ்பீக்கர்காரரின் ஜெனரேற்றரில் இணைத்தேன். ரியூப்லைற்றும் அதிலேதான். சமையலுக்குத் தண்ணீர் போதாமல் யாரோ கிணற்று மோட்டரையும் அதிலேயே கொழுவிவிட்டார்கள். மோட்டர் ஓடத் தொடங்கினால் ஜெனரேற்றர் இளைக்கும். அது இளைத்தால் என் இயந்திரமும் மெதுவாக ஓடும். மெதுவாக ஓடியபோது பதிந்ததை, பிறகு சரியான வேகத்தில் போட்டால் என்ன ஆகும்? விரைவாகக் கேட்கும், குரல் கீச்சிடும். தாலி கட்டும் நேரத்தில் எங்கள் ஐயர் ஐந்து வயதுப் பிள்ளைபோல் மந்திரம் சொல்கிறார். நாற்பது வருடமாக மனைவியின் சகோதரங்கள் கூடும் இடமெல்லாம் இதுதான் பகிடி. தொழில்காரனுக்கு எவ்வளவு வெட்கம்! அதனால்தான் அந்த நினைப்பை நான் கிட்டவே வரவிடவில்லை.

இந்த நாடாவிலும் அதுதான். ஐந்து பேரும் ஓங்கி அடிக்கும்போது அவர்களுடைய பெரிய ஒலிபெருக்கிகள் ஒரேயடியாக மின்சாரத்தை உறிஞ்சுகின்றன. ஜெனரேற்றர் இளைக்கிறது. பதிவு இயந்திரம் மெதுவாகிறது. இன்று கேட்கும்போது சுருதி ஏறுகிறது.

ஆனால் என் நினைப்பையும் நான் நம்புகிறவன் இல்லை. அத்தாட்சி வேண்டும். பாட்டுக்கு முன்னாலிருந்த அந்த இரைச்சலைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்கு அடியில் கடைசிவரை தொடர்ந்து போனேன். சுருதி ஏறி இறங்கும்போதும் இரைச்சல் அசையவில்லை, நேர்கோடாகவே இருந்தது. எனக்குத் தேவையானது அதுதான். இரைச்சலும் இயந்திரத்தின் மோட்டரும் ஒரே குழாயில் தண்ணீர் குடிக்கிறவை. குழாய் மெலிந்தால் இரண்டும் சேர்ந்து மெலியும், ஆகவே நாடாவில் இரைச்சலின் காலடி எப்போதும் ஒரே இடைவெளியில் விழும். பாட்டுக்காரனின் தொண்டை அந்தக் குழாயில் குடிப்பதில்லை. பழுதான கசெற்றிலிருந்து எடுத்த படியென்றால், கசெற்றில் இருந்த இரைச்சலும் பாட்டோடு சேர்ந்து ஏறி இறங்கும். படியெடுத்த இடத்து இரைச்சல் இன்னொன்றாக மேலே ஏறியிருக்கும். இங்கே ஒரே ஒரு இரைச்சல். ஒரே தடவைதான் பதியப்பட்டிருக்கிறது, அதுவும் ஜெனரேற்றரில்.

லண்டனில் யார் ஜெனரேற்றரில் பாட்டுப் பதிவார்கள்? எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு குளிர் மாரிகாலம் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் இங்கே மின்வெட்டு, பகுதி பகுதியாக முறைவைத்து. ஹாலிஸ் அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ரே இறந்தது அந்த மாரிக்கு அடுத்த இளவேனிலில். மற்ற ட்ரம்காரர் சேர்ந்தது கோடையில். மின்வெட்டுக் காலத்து நாடாவென்றால் அதில் அடிப்பது அவராக இருக்க முடியாது.

டோரீனுக்குத் தொலைபேசி எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். திரும்ப எடுத்தேன். திரும்ப வைத்தார்.

"நேரை போவம்" என்றாள் பரமேஸ். "நானும் வாறன். உங்கட முகத்தைத் தனியக் கண்டா அந்த மனுசி கதவு திறவா."

வால்தம்ஸ்டோவில் கதவு சங்கிலியோடு நாலு விரல் அகலம் திறந்தது.

"மன்னிப்புக் கேட்க வந்தீர்களா?"

"இல்லை. கேள்வி கேட்க வந்தேன்."

பரமேஸ் என் விலாவில் இடித்தாள். அவளுக்கு ஆங்கிலம் என்னைவிடக் குறைவு, ஆனால் துணிவு கூட. "இவர் சொறி, லேடி. வெரி சொறி. சொல்ல வராது இவருக்கு" என்றாள். டோரீன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சங்கிலியைக் கழற்றினார்.

ஜெனரேற்றர் என்ற சொல்லை நான் வாயிலேயே எடுக்கவில்லை. மின்வெட்டு என்றும் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்து அவர் சொன்னதாக ஆகிவிடக்கூடாது. அத்தோடு அவர்மேல் எனக்கு இருந்த சந்தேகமும் முழுக்கப் போகவில்லை. "பதிந்துவிட்டு உங்கள் அண்ணன் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? எப்படி வந்தார்?" என்று மட்டும் கேட்டேன்.

"நினைவில்லாமல் என்ன! அம்மாவின் வெள்ளி மினுக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனவன். நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கிய சட்டை. திரும்பி வரும்போது கைப்பக்கம் முழுக்கக் கறுப்பு எண்ணெய். தலைமயிரெல்லாம் டீசல் மணம். மெழுகுதிரியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு அம்மா கத்தினாள், நீ பாட்டுப் பாடப் போனாயா லொறி திருத்தப் போனாயா என்று."

"ஏன் டீசல்?"

"கார்னிவல்காரர் ஒருவரின் இயந்திரத்தை முற்றத்தில் வைத்துத்தான் கரண்ட் எடுத்தார்களாம். அது நின்றுவிடும் போதெல்லாம் கைபிடியைச் சுற்றித் தொடக்குவது ரே. ட்ரம் அடிக்கிறவனுக்குத்தான் கை பலம் என்று மற்றவர்கள் அவனையே அனுப்பினார்களாம்."

"மெழுகுதிரி எதற்கு?"

"வீட்டில் வெளிச்சம் இல்லையே. அந்த மாரி முழுக்க முறைவைத்து வெட்டினார்கள்." பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தார். "இதெல்லாம் எதற்குக் கேட்கிறீர்கள்?"

நான் இதே கேள்விகளை வேறு வேறு விதமாக இன்னும் இரண்டு தடவை கேட்டேன். மறுமொழி மாறவில்லை. பரமேஸ் தமிழில், "காணுமப்பா, பொலிஸ்காரன் மாதிரி நிக்காதேங்கோ, சொல்லுங்கோ மனுசிக்கு" என்றாள். சொன்னேன். "அந்தச் சட்டைக்காக அம்மா அவனோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை" என்றார் டோரீன்.

நான் கண்டதை நிறுவனத்துக்குச் சொன்னதும் மத்திய லண்டனில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் கூட்டம் வைத்தார்கள், டோரீனும் நாடாவோடு வந்தார். என் இயந்திரத்தையே வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர்களுடையதை நான் நம்பவில்லை. "நாடாவை எங்களிடம் விட்டுச் செல்லுங்கள், பிறகு கேட்கிறோம்" என்று நிறுவனத்து மேலாளர் சொன்னார். டோரீன் என்னைப் பார்த்தார். "ஏலாது. இப்ப கேளுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு இயந்திரத்தைத் தொடக்கினேன்.

டொக்டர் நல்ல மனிதர், அதை மறைக்கமாட்டேன். முதல் பாட்டு முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னார். மூன்றாவது தடவை தன் கணினியில் அதை வரைகோடாக்கிப் பார்த்தார். சுருதியின் கோடு மலைபோல ஏறி இறங்கியது. இரைச்சலின் கோடு மேசை விளிம்புபோல் கிடந்தது. பேனையைக் கீழே வைத்தார்.

"இந்த இரைச்சல் எனக்குத் தந்த கோப்பில் இல்லையே."

"சுத்தப்படுத்தித் தரச் சொன்னது நாங்கள்தான்" என்றார் மேலாளர். "கேட்பதற்கு வசதியாக இருக்கும் என்று."

யாருக்கு வசதி என்று நான் கேட்டேன். மேலாளர் கண்ணாடியைத் துடைத்தார். மற்ற ட்ரம்காரர் உயிரோடு இருக்கிறார், பெயர் பெற்றவர், வக்கீல் வைத்திருக்கிறார். ரேக்கு வால்தம்ஸ்டோவில் ஒரு தங்கச்சி. வேண்டுமென்றே இரைச்சலை நீக்கச் சொன்னார்கள் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சந்தேகம் இருக்கிறது, அதை நான் விடுவதாக இல்லை.

டொக்டர் தன் அறிக்கையைத் திருத்தி எழுதினார். டோரீனின் சாட்சியத்தையும் சேர்த்தார். இந்த வருடம் இசைத்தட்டு வந்தது. உறையின் பின்பக்கத்தில், ட்ரம் என்ற சொல்லுக்கு எதிரே ரேயின் முழுப் பெயர். டோரீன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"விரலால் தடவித் தடவிப் பார்க்கிறேன், மிஸ்டர் நாதன். அச்சு கொஞ்சம் மேடாக இருக்கிறது." பிறகு, "உங்கள் பெயரையும் தேடினேன்" என்றார்.

நானும் தேடியிருந்தேன். பூதக்கண்ணாடி வைத்தே தேடினேன். படம் பிடித்தவர் பெயர் இருக்கிறது. எழுத்து வரைந்தவர் பெயர் இருக்கிறது. நன்றிக்குரியவர்களின் வரிசையில் ஒரு நாயின் பெயர்கூட இருக்கிறது, பாடகரின் நாயாம். ஒலி ஆய்வு என்பதற்கு எதிரே டொக்டர். நேர்காணல்களிலும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். அவரே இரண்டு இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லியும் வெட்டிவிட்டார்களாம்.

நிறுவனத்துக்கு மகளைக் கொண்டு கடிதம் எழுதினேன். இங்கேயும் எழுதுகிறேன், எல்லாரும் பார்க்கட்டும். அடுத்த முறை அந்த உறையை அச்சிடும்போது இப்படிப் போடவேண்டும்: இந்த நாடாவை முதலில் பொய்யென்று சொன்னவர் கோலியர்ஸ் வுட் கனகநாதன். அதன் சுருதி ஏறுவது எதனாலென்று முதலில் காதில் பிடித்தவர் அவருடைய மனைவி பரமேஸ்வரி. அது மெய்யென்று நிறுவியவர் அதே கனகநாதன். மூன்று வசனம்.

போன கிழமை மேலாளர் தொலைபேசியில் வந்தார். பெயர் போடுவதில் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றார், மனைவியின் பெயரையும் போடலாம் என்றார். முதல் வசனத்தை மட்டும் விட்டுவிடலாமா, அது எனக்கே அழகாக இராதே என்று நயமாகக் கேட்டார். ஒரு பெண்ணை நான் அழவைத்து அனுப்பியிருக்கிறேன். அதை விட்டுவிட்டு மற்றதைப் போட்டால் அந்த உறையும் பொய்தான்.

ஏலாது என்று சொல்லிவிட்டேன். மூன்றையும் போடவேண்டும்.